இரண்டு திணறல்களுக்கு நடுவே: ஆஸ்துமா குறித்த வாசகர் கேள்விகளும் மருத்துவர் பதில்களும்

சென்ற இதழில், ஆஸ்துமாவைத் தனிமனிதரின் நோயாகப் பார்ப்பதோடு நின்றுவிடாமல், ஒரு மாநிலம் முழுவதும் சுமக்கும் பாரமாகவும் பார்க்க வேண்டும் என்று எழுதியிருந்தேன். அதைப் படித்த பெற்றோர், ஆசிரியர், செவிலியர், தொழிலாளர் எனப் பலரும் கடிதம் எழுதியிருக்கிறார்கள். அவற்றில் எட்டுக் கடிதங்களுக்கு இங்கே பதில் அளிக்கிறேன். நோய் பற்றிய கடிதங்கள் என்பதால் எழுதியவர்களின் பெயரும் ஊரும் வெளியிடப்படவில்லை.

கேள்வி: ஆஸ்துமாவை அடியோடு குணப்படுத்த முடியாது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அப்படியிருக்க, அதன் சுமையை மட்டும் ஓர் அரசால் எப்படிக் குறைக்க முடியும்? இது வெறும் ஆறுதல் பேச்சாகவே எனக்குத் தோன்றுகிறது. (ஓய்வுபெற்ற அரசு ஊழியர் ஒருவர்)

பதில்: உங்கள் ஐயம் நியாயமானது. ஆனால் ஒரு நோய் உடம்பில் இருப்பதும், அந்த நோயால் ஒருவர் நொடிந்துபோவதும் வேறு வேறு. மூச்சுக்குழாய்களின் உட்சுவரில் நாள்பட்ட அழற்சி இருந்துகொண்டே இருப்பதுதான் ஆஸ்துமா. அழற்சி அடங்கியிருக்கும்வரை அந்தக் குழந்தை ஓடும், விளையாடும், இரவு முழுவதும் தூங்கும். அடக்காமல் விட்டுவிட்டால், தூசியோ புகையோ சாதாரணச் சளிக்காய்ச்சலோ பட்ட மாத்திரத்தில் குழாயைச் சுற்றியுள்ள தசை இறுகி, உட்சுவர் வீங்கி, சளி அடைத்துக்கொண்டு மூச்சு திணறத் தொடங்கும். மருத்துவமனைச் செலவு, பள்ளிக்குப் போகாத நாட்கள், வேலை இழப்பு, மரணம் என்று நாம் சுமை என்று கணக்கிடுவதில் மிகப் பெரும் பகுதி இந்த அடங்காத அழற்சியால் வருவதுதான்.

உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி 2019-ஆம் ஆண்டில் 26 கோடியே 20 லட்சம் பேருக்கு ஆஸ்துமா இருந்தது; அந்த ஓராண்டில் 4,55,000 பேர் அதனால் இறந்தார்கள். இறப்புகளில் பெரும்பாலானவை வருமானம் குறைந்த நாடுகளில் நிகழ்கின்றன. அழற்சியை அடக்கும் மருந்தோ பல பத்தாண்டுகளாகக் கையில் இருக்கிறது, உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலும் இருக்கிறது. அது தேவைப்படுபவரின் நுரையீரல் வரை போய்ச் சேரவில்லை என்பதே இத்தனை மரணங்களுக்கும் அடிப்படை.

போய்ச் சேர வைத்தால் என்ன நடக்கும் என்பதற்கு பின்லாந்து சான்றாக இருக்கிறது. அந்த நாடு 1994 முதல் 2004 வரை பத்தாண்டு ஆஸ்துமா திட்டம் ஒன்றை நடத்தியது. புதிய மருந்து எதையும் அது கண்டுபிடிக்கவில்லை. பெரும்பாலான ஆரம்ப சுகாதார நிலையங்களில் ஆஸ்துமாவுக்கென ஒரு மருத்துவரும் ஒரு செவிலியரும், பெரும்பாலான மருந்துக் கடைகளில் அதற்கென ஒரு மருந்தாளுநரும் பொறுப்பேற்றார்கள். நோயைத் தொடக்கத்திலேயே கண்டறிவது, கண்டறிந்த அன்றே அழற்சிக்கு மருந்து தொடங்குவது, நோயாளிக்குத் தன் நோயைத் தானே கவனித்துக்கொள்ளக் கற்றுக்கொடுப்பது ஆகிய மூன்றையும் நாடு முழுவதும் ஒரே மாதிரியாகச் செய்தார்கள். கண்டறியப்பட்ட நோயாளிகளின் எண்ணிக்கை அந்தப் பத்தாண்டுகளில் ஏறிக்கொண்டே போனது. ஆனால் 1993-இல் ஆண்டுக்கு ஏறத்தாழ 1,10,000 ஆக இருந்த, ஆஸ்துமாவுக்காக மருத்துவமனையில் கழித்த நாட்களின் கூட்டுத்தொகை 2003-இல் 51,000 ஆகக் குறைந்தது. ஒரு நோயாளிக்கு ஆகும் ஆண்டுச் செலவும் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இறங்கியது. நோய் குறையாமலே அதன் சுமை குறைய முடியும் என்பதற்கு இதைவிடத் தெளிவான கணக்கை நான் பார்த்ததில்லை.

நான் திரும்பத் திரும்பச் சொல்ல விரும்புவது ஒன்றுதான். சுகாதாரத் துறை ஆஸ்துமாவைத் திணறல் வந்த நாளில் மட்டுமே பார்க்கிறது. மூச்சு முட்டிக்கொண்டு ஒருவர் வந்து நின்றால் ஆக்சிஜனும் நெபுலைசரும் கொடுத்து அவரைக் காப்பாற்றி அனுப்புவதில் நாம் தேர்ந்துவிட்டோம். இரண்டு திணறல்களுக்கு நடுவே இருக்கும் நாட்களில் அவர் என்ன மருந்து எடுக்கிறார், அதை எப்படி உறிஞ்சுகிறார், எந்தக் காற்றைச் சுவாசிக்கிறார் என்று கேட்க எவரும் இல்லை. சுமையைக் குறைக்க நினைக்கும் மாநிலம் அந்த நாட்களைத்தான் தன் பொறுப்பில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

கேள்வி: என் மகளுக்கு ஏழு வயது. அடிக்கடி வீசிங் வருவதால் தினமும் இன்ஹேலர் எடுக்கச் சொல்கிறார் மருத்துவர். “இன்ஹேலரைத் தொட்டால் பிறகு விடவே முடியாது, மாத்திரையும் சிரப்பும் கேட்காதபோது பார்த்துக்கொள்ளலாம்” என்கிறார்கள் வீட்டில் உள்ள பெரியவர்கள். அதில் ஸ்டீராய்டு இருக்கிறது என்றதும் எனக்கும் பயம் வந்துவிட்டது. (தாய் ஒருவர்)

பதில்: அம்மா, உங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்வதைத்தான் நான் ஏறக்குறைய எல்லா வீடுகளிலும் கேட்டிருக்கிறேன். குழந்தையின் மேல் உள்ள அக்கறையில் சொல்கிறார்கள் என்பதால் அதைப் புறந்தள்ளாமல், எண்களை வைத்துப் பார்ப்போம்.

திணறலைத் தணிக்கும் சால்புடமால் மருந்தை எடுத்துக்கொள்ளுங்கள். இன்ஹேலரை ஒருமுறை அழுத்தினால் வெளிவருவது 100 மைக்ரோகிராம். அதே மருந்தை 2 மில்லிகிராம் மாத்திரையாகக் கொடுத்தால் வயிற்றுக்குள் போவது 2,000 மைக்ரோகிராம், அதாவது 20 மடங்கு. அது குடலில் கரைந்து, இரத்தத்தில் கலந்து, உடல் முழுவதும் சுற்றி, கடைசியில் கொஞ்சம் நுரையீரலுக்கு வந்து சேர்கிறது. மாத்திரையோ சிரப்போ கொடுத்த பிறகு குழந்தையின் கை நடுங்குவதையும் நெஞ்சு படபடப்பதையும் நீங்களே கவனித்திருப்பீர்கள். இன்ஹேலரில் அளவும் குறைவு, மருந்தும் நேரே போக வேண்டிய இடத்துக்குப் போகிறது. எனவே இன்ஹேலரைக் கடைசி ஆயுதம் என்று வைத்துக்கொள்வதற்குக் காரணமே இல்லை. அதுதான் முதல் மருந்து.

ஸ்டீராய்டு பற்றிய அச்சத்துக்கும் மறைக்காமல் பதில் சொல்லிவிடுகிறேன். அழற்சியை அடக்கும் மருந்தான உறிஞ்சும் ஸ்டீராய்டு குழந்தையின் வளர்ச்சியைச் சற்றே பாதிக்கக்கூடும். முதல் ஆண்டில் ஏறத்தாழ அரை சென்டிமீட்டர், பெரியவரான பின் மொத்தத்தில் ஒரு சென்டிமீட்டரை ஒட்டிய வேறுபாடு என்று நீண்டகால ஆய்வுகள் காட்டுகின்றன. இதன் மறுபக்கத்தையும் பாருங்கள். அழற்சியை அடக்காமல் விட்ட குழந்தைக்கு ஒவ்வொரு கடும் திணறலின்போதும் வாய்வழியாகவோ ஊசியாகவோ ஸ்டீராய்டு கொடுக்க வேண்டிவருகிறது. அந்த அளவு பல மடங்கு அதிகம். ஆண்டுக்குச் சில முறை அப்படிக் கொடுத்தாலே எலும்பையும் சர்க்கரை அளவையும் வளர்ச்சியையும் அது பாதிக்கத் தொடங்கும். எனவே இன்ஹேலரைத் தவிர்ப்பதால் ஸ்டீராய்டு தவிர்க்கப்படுவதில்லை, கூடுதல் அளவில்தான் வந்து சேர்கிறது. பழக்கமாகிவிடும் என்பதும் சரியன்று. பார்வைக் குறைவு உள்ளவர் கண்ணாடி அணிவதை எவரும் அடிமைப்படுதல் என்று சொல்வதில்லை. நோய் சில மாதங்கள் கட்டுப்பாட்டில் இருந்தால் மருத்துவரே அளவைப் படிப்படியாகக் குறைப்பார்.

இன்னொன்று, மருந்து வாங்கிவிட்டால் மட்டும் போதாது, அதை உறிஞ்சும் முறை சரியாக இருக்க வேண்டும். உங்கள் மகள் வயதுக் குழந்தைகளுக்கு ஸ்பேசர் என்ற குடுவை இல்லாமல் இன்ஹேலர் கொடுக்கக் கூடாது. அழுத்தும் நொடியும் மூச்சிழுக்கும் நொடியும் ஒன்றாக அமைவது பெரியவர்களுக்கே கடினம். அது தவறினால் மருந்து தொண்டையின் பின்சுவரில் மோதி அங்கேயே தங்கிவிடும். மருந்துக் குப்பியை நன்றாகக் குலுக்கி, ஸ்பேசரில் பொருத்தி, ஒருமுறை மட்டும் அழுத்தி, குழந்தை நிதானமாக ஐந்தாறு முறை மூச்சிழுத்து விடும்வரை காத்திருங்கள். அடுத்த அழுத்தலுக்கு மறுபடியும் குலுக்க வேண்டும். முடிந்ததும் வாயைக் கொப்பளித்துத் துப்பச் சொல்லுங்கள்; வாய்ப்புண்ணும் குரல் கம்மலும் வருவது குறையும். ஸ்பேசர் கிடைக்காத இடங்களிலும் வழி உண்டு. அரை லிட்டர் பிளாஸ்டிக் பாட்டிலின் அடியில் இன்ஹேலரின் வாய் அளவுக்குத் துளையிட்டு, இடைவெளியை அடைத்துப் பயன்படுத்தினால் கடையில் வாங்கும் ஸ்பேசருக்கு நிகராகவே வேலை செய்கிறது என்பதைத் தென்னாப்பிரிக்காவின் கேப்டவுனில் குழந்தைகளிடம் நடத்திய ஆய்வு ஒன்று 1999-இல் நிறுவியது. அதே ஆய்வில் தெர்மாகோல் கோப்பை அவ்வளவாகப் பயன்தரவில்லை. ஒவ்வொரு சுகாதார நிலையத்திலும் இதைச் செய்துகாட்ட ஒரு செவிலியருக்குப் பயிற்சி அளித்தால் போதும், மாநில அரசுக்குப் பெரிய செலவே ஆகாது.

கேள்வி: என் தம்பிக்கு லேசான ஆஸ்துமாதான் என்று சொல்லியிருந்தார்கள். எப்போதும் சட்டைப் பையில் நீல நிற இன்ஹேலர் வைத்திருப்பான். திணறும்போது அடித்துக்கொள்வான், சரியாகிவிடும். ஒரு நாள் இரவு அது கேட்கவில்லை. மருத்துவமனைக்குப் போகும் வழியிலேயே இறந்துவிட்டான். மருந்து எடுத்துக்கொண்டுதானே இருந்தான்? எங்கே தவறு நடந்தது? (வாசகர் ஒருவர்)

பதில்: உங்கள் கடிதத்தைப் பலமுறை படித்தேன். உங்கள் குடும்பத்தின் துயரத்தில் நானும் பங்குகொள்கிறேன். உங்கள் தம்பியை நான் பார்த்ததில்லை என்பதால் அவருக்கு நேர்ந்ததைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல எனக்கு உரிமை இல்லை. ஆனால் நீங்கள் விவரித்திருப்பது ஆஸ்துமா மரணங்களில் திரும்பத் திரும்பக் காணப்படும் ஒன்று.

நீல நிற இன்ஹேலரில் இருப்பது இறுகிய தசையைத் தளர்த்தும் மருந்து. அது நிமிடங்களில் மூச்சை எளிதாக்கும். ஆனால் உள்ளே எரிந்துகொண்டிருக்கும் அழற்சியை அது தொடுவதே இல்லை. நிவாரணம் உடனே கிடைப்பதால் நோய் கட்டுப்பாட்டில் இருப்பதாக நோயாளி நம்பிவிடுகிறார். அழற்சியோ நாளுக்கு நாள் முற்றிக்கொண்டிருக்கிறது. பிரிட்டனில் 2012 பிப்ரவரி முதல் ஓராண்டுக் காலத்தில் நிகழ்ந்த ஆஸ்துமா மரணங்களை ஒவ்வொன்றாக ஆராய்ந்து 2014-இல் ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். 195 மரணங்கள் அதில் ஆராயப்பட்டன. நோயின் தீவிரம் பதிவாகியிருந்தவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் லேசான அல்லது நடுத்தர ஆஸ்துமாவுக்கே சிகிச்சை பெற்றுவந்தவர்கள். நிவாரண இன்ஹேலர் எத்தனை வாங்கினார்கள் என்ற கணக்கு இருந்த 165 பேரில் 65 பேருக்கு அந்த ஓராண்டில் 12-க்கும் மேற்பட்ட குப்பிகள் எழுதிக் கொடுக்கப்பட்டிருந்தன. 6 பேருக்கு 50-க்கும் மேல். அழற்சியை அடக்கும் தடுப்பு மருந்தோ மிகப் பலருக்குத் தேவையான அளவு எழுதப்படவே இல்லை. ஏறத்தாழ பாதிப் பேர் மருத்துவ உதவியை நாடாமலோ, உதவி வந்து சேர்வதற்கு முன்போ இறந்திருந்தார்கள்.

கனடாவின் சஸ்காச்சுவான் மாகாணத்தில் நடந்த ஆய்வு, 2000-ஆம் ஆண்டில் வெளியானது, இதன் மறுபக்கத்தைக் காட்டியது. உறிஞ்சும் ஸ்டீராய்டு மருந்தை முந்தைய ஓராண்டில் ஒரு குப்பி கூடுதலாகப் பயன்படுத்திய ஒவ்வொரு முறைக்கும் ஆஸ்துமாவால் இறக்கும் விகிதம் 21 சதவீதம் குறைந்திருந்தது. இத்தனை எளிய மருந்துக்கு இத்தனை பெரிய பலன் பொதுச் சுகாதாரத்தில் அபூர்வமாகவே கிடைக்கும். 1993-இல் தொடங்கப்பட்டு உலக ஆஸ்துமா வழிகாட்டுதல்களைத் தயாரித்துவரும் ஜீனா அமைப்பும் 2019-இல் ஒரு முக்கியமான முடிவை எடுத்தது: பெரியவர்களுக்கும் 12 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கும், நோய் எவ்வளவு லேசாக இருந்தாலும், நிவாரண மருந்தை மட்டும் தனியாகக் கொடுப்பது இனி கூடாது. குறைந்த அளவு ஸ்டீராய்டும், இறுகிய தசையைத் தளர்த்தும் ஃபார்மோடெராலும் சேர்ந்த இன்ஹேலரைத் திணறும்போது எடுத்துக்கொண்டாலே, நிவாரண மருந்தை மட்டும் நம்பியிருப்பவர்களுக்கு வருவதைவிடக் கடும் திணறல்கள் பாதிக்கும் மேல் குறைகின்றன. நிவாரண மருந்துக்குள்ளேயே அடக்கும் மருந்தையும் வைத்துவிடும் இந்த முறை, தினமும் மருந்து எடுக்க மறந்துபோகும் மனிதர்களின் இயல்பைப் புரிந்துகொண்ட முறை என்பதால் எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்கும் ஒரு கணக்கைச் சொல்ல வேண்டும். 200 முறை அழுத்தக்கூடிய நீல இன்ஹேலர் ஓராண்டில் மூன்று தீர்ந்துபோனாலே கடும் திணறல் வரும் அபாயம் கூடிவிட்டது என்று பொருள். அது சராசரியாக நாளுக்கு இரண்டு அழுத்தலுக்கும் குறைவு. ஆண்டுக்குப் பன்னிரண்டு தீர்ந்தால் உயிருக்கே ஆபத்து கூடுகிறது. வீட்டில் காலியான குப்பிகளை எறியாமல் ஒரு பையில் போட்டு வையுங்கள். அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது அந்தப் பையைக் கொண்டுபோய் மேசை மேல் வையுங்கள். ஒருமுறை ஒரு பெண்மணி அப்படித்தான் கொண்டுவந்தார். “எனக்கு லேசாகத்தான் இருக்கிறது” என்று சொல்லிக்கொண்டே பையைக் கவிழ்த்தார். நான்கு மாதங்களில் ஒன்பது நீல இன்ஹேலர்கள். அவர் சொன்ன எதையும்விட அந்தக் குப்பிகள் சொன்னது அதிகம்.

கேள்வி: மூச்சுப் பயிற்சியும் யோகாவும் செய்தால் மருந்தை நிறுத்திவிடலாமா? (மாணவர் ஒருவர்)

பதில்: நிறுத்தக் கூடாது. மூச்சுப் பயிற்சி சிலருக்கு அறிகுறிகளைத் தணித்து அன்றாட வாழ்வை எளிதாக்குகிறது, செய்யுங்கள். ஆனால் மூச்சுக்குழாயின் அழற்சியை அது அடக்குவதில்லை.

கேள்வி: எங்கள் பள்ளியில் ஆஸ்துமா உள்ள பிள்ளைகள் பலர் இருக்கிறார்கள். விளையாட்டு நேரத்தில் ஒருவருக்குத் திணறல் வந்தபோது, மருந்து கொடுப்பது எங்கள் வேலையா என்ற தயக்கத்திலேயே நேரம் போய்விட்டது. பள்ளிகள் என்ன செய்ய வேண்டும்? (தலைமை ஆசிரியை ஒருவர்)

பதில்: அந்தத் தயக்கத்தை ஆசிரியரின் தலையில் ஏற்றாமல், கல்வித் துறையும் சுகாதாரத் துறையும் சேர்ந்து எழுத்துப்பூர்வமான ஆணையின் வழியாக நீக்க வேண்டும். ஒவ்வொரு பள்ளியிலும் ஒரு சால்புடமால் இன்ஹேலரும் ஸ்பேசரும் அவசர உதவிப் பெட்டியில் இருக்க வேண்டும். பயிற்சி பெற்ற எந்த ஆசிரியரும் அதைக் கொடுக்கலாம் என்ற சட்டப் பாதுகாப்பும் வேண்டும். இன்ஹேலரை அலுவலக அறையில் பூட்டிவைக்காமல் பிள்ளையின் பையிலேயே இருக்கவிடுவதும் முக்கியம்.

திணறல் வந்தால் செய்ய வேண்டியதை ஆஸ்திரேலியாவில் நான்கு என்ற எண்ணைச் சுற்றிக் கற்றுக்கொடுக்கிறார்கள். பிள்ளையை நிமிர்ந்து உட்கார வைத்து, ஸ்பேசர் வழியாக நான்கு முறை மருந்து, ஒவ்வோர் அழுத்தலுக்கும் நான்கு மூச்சு, பிறகு நான்கு நிமிடம் காத்திருப்பு. சரியாகாவிட்டால் ஆம்புலன்ஸை அழைத்துவிட்டு, அது வரும்வரை அதையே திரும்பச் செய்துகொண்டிருக்க வேண்டும். ஒரு வாக்கியத்தை முழுமையாகச் சொல்ல முடியாமல் திணறினாலோ, உதடு நீலம் பூத்தாலோ காத்திருக்காமல் உடனே ஆம்புலன்ஸை அழையுங்கள். பிள்ளையைப் படுக்க வைக்காதீர்கள்.

பள்ளிக்கும் மாநிலத் திட்டத்துக்கும் நேரடித் தொடர்பு உள்ள இன்னொரு விஷயம் பலருக்குத் தெரிவதில்லை. கோடை விடுமுறை முடிந்து பள்ளி திறந்த இரண்டு, மூன்று வாரங்களில் ஆஸ்துமாவுக்காகக் குழந்தைகள் மருத்துவமனையில் சேர்க்கப்படுவது உச்சத்துக்குப் போவதைக் கனடா உள்ளிட்ட நாடுகளில் ஆண்டு தவறாமல் கண்டிருக்கிறார்கள். பிள்ளைகள் ஒன்றுகூடியதும் சளிக்காய்ச்சல் வைரஸ் பரவுகிறது. விடுமுறையில் தடுப்பு மருந்தை நிறுத்திவிட்ட பிள்ளைகள் அதில் சிக்கிக்கொள்கிறார்கள். எப்போது வரும் என்று முன்கூட்டியே தெரிந்த ஆபத்து இது. பள்ளி திறப்பதற்கு ஒரு மாதம் முன்பே “மருந்தை மறுபடி தொடங்கிவிட்டீர்களா?” என்று பெற்றோரிடம் கேட்கும் ஓர் ஏற்பாட்டை மாநில அளவில் செய்வது எந்த அரசுக்கும் கடினமல்ல.

கேள்வி: நாங்கள் நெடுஞ்சாலையை ஒட்டிக் குடியிருக்கிறோம். அருகிலேயே ஆலைகளும் இருக்கின்றன. எவ்வளவு மருந்து எடுத்தாலும் இந்தக் காற்றைத்தானே சுவாசிக்கிறோம்? இதற்கு மருத்துவர்கள் என்ன செய்துவிட முடியும்? (குடியிருப்பு வாசகர் ஒருவர்)

பதில்: மருத்துவர்கள் செய்யக்கூடியது குறைவுதான், ஆனால் ஒன்றுமே இல்லை என்று சொல்ல மாட்டேன். ஸ்பெயினின் பார்சிலோனா நகரில் 1981 முதல் 1987 வரை 26 நாட்களில் விசித்திரமான ஒன்று நிகழ்ந்தது. சாதாரணமாகச் சிலரே வரும் அவசர சிகிச்சைப் பிரிவுகளுக்கு அந்த நாட்களில் மட்டும் கூட்டம் கூட்டமாக ஆஸ்துமா நோயாளிகள் வந்து குவிந்தார்கள். சிலர் இறந்தார்கள். மகரந்தமா, வானிலையா, தொழிற்சாலைப் புகையா என்று எல்லாவற்றையும் சோதித்தும் விடை கிடைக்கவில்லை. நோயாளிகளின் வீடுகளை வரைபடத்தில் குறித்தபோது அவை துறைமுகத்தை நோக்கிச் சுட்டின. துறைமுகத்தின் பதிவேடுகளை நாள்வாரியாக ஒப்பிட்டபோது, அந்த நாட்களில் கப்பலிலிருந்து சோயா மொச்சை இறக்கப்பட்டது தெரியவந்தது. தானியக் கிடங்கு ஒன்றில் தூசி வடிகட்டும் பைகள் பொருத்தப்படவில்லை. சரக்கை இறக்கும்போது எழும்பிய நுண்தூசி காற்றோடு நகரத்துக்குள் போனது. வடிகட்டிகளைப் பொருத்தினார்கள், அந்தத் திடீர்க் கூட்டங்கள் நின்றுபோயின.

இதைக் கண்டுபிடித்தது அவசர சிகிச்சைப் பிரிவுகளின் வருகைப் பதிவேடுதான் என்பதைக் கவனியுங்கள். யார், எந்தத் தேதியில், எந்தத் தெருவிலிருந்து வந்தார் என்று எழுதிவைத்திராவிட்டால் அந்தக் கிடங்கு இன்றும் தூசியைக் கக்கிக்கொண்டிருக்கும். உங்கள் மாநிலத்தில் உள்ள ஒவ்வொரு மருத்துவமனையும் ஆஸ்துமா திணறலுக்கு வருபவர்களைத் தேதியோடும் குடியிருக்கும் பகுதியோடும் பதிந்து, அதைக் காற்று மாசு அளவீட்டோடு சேர்த்துப் பார்க்கும் ஓர் அலுவலகம் மாநிலத் தலைமையகத்தில் இருந்தால், உங்கள் தெருவின் கதையும் ஒருநாள் வரைபடத்தில் தெரியும்.

சாலைப் புகையைப் பொறுத்தவரை லண்டனில் வாழ்ந்த எலா அடூ-கிஸ்ஸி-டெப்ரா என்ற ஒன்பது வயதுச் சிறுமியை நான் மறப்பதில்லை. போக்குவரத்து மிகுந்த சாலைக்கு மிக அருகில் அவள் வீடு இருந்தது. மூன்று ஆண்டுகளில் ஏறத்தாழ முப்பது முறை மருத்துவமனையில் சேர்க்கப்பட்டு, 2013 பிப்ரவரியில் இறந்தாள். தாயின் விடாப்பிடியான போராட்டத்துக்குப் பிறகு 2020 டிசம்பரில் மரண விசாரணை அதிகாரி, அவள் இறப்புக்குக் காற்று மாசும் ஒரு காரணம் என்று தீர்ப்பளித்தார். காற்றின் நிலை குறித்து முன்பே சொல்லியிருந்தால் வீட்டை மாற்றியிருப்பேன் என்று அந்தத் தாய் சொன்னார். மாசு அளவை மக்களுக்கு விளங்கும்படி அறிவிப்பதும் சிகிச்சையின் பகுதியே என்று அதற்குப் பிறகு நான் கருதுகிறேன்.

சட்டத்தால் காற்று மாறும் என்பதற்கும் சான்று உண்டு. ஸ்காட்லாந்தில் 2006 மார்ச் முதல் பொது இடங்களிலும் பணியிடங்களிலும் புகைபிடிப்பது தடை செய்யப்பட்டது. அதற்கு முன் 15 வயதுக்கு உட்பட்டவர்களின் ஆஸ்துமா சேர்க்கை ஆண்டுக்கு 5.2 சதவீதம் வீதம் கூடிக்கொண்டிருந்தது. தடைக்குப் பின் ஆண்டுக்கு 18.2 சதவீதம் வீதம் குறைந்தது. தடை விதிக்கப்பட்டதோ பெரியவர்கள் கூடும் இடங்களில். வெளியே புகைக்காமல் பழகியவர்கள் வீட்டுக்குள்ளும் குறைத்துக்கொண்டது இதற்கு ஒரு காரணமாக இருக்கலாம். புகைபிடிக்கும் பெற்றோருக்கு நான் வேறு எந்த அறிவுரையும் சொல்வதற்கு முன் இந்த எண்களைத்தான் காட்டுவேன். விறகும் கரியும் எரிக்கும் அடுப்பின் புகையும் குழந்தையின் மூச்சுக்குழாய்க்கு இதற்குக் குறைந்ததல்ல.

கேள்வி: பதினைந்து ஆண்டுகளாக மாவு ஆலையில் வேலை செய்கிறேன். இரண்டு ஆண்டுகளாக இளைப்பு வருகிறது. விடுமுறையில் சரியாகிவிடுகிறது, வேலைக்குப் போனால் திரும்பிவிடுகிறது. (தொழிலாளர் ஒருவர்)

பதில்: நீங்கள் கடைசியாக எழுதியிருக்கும் வரியிலேயே பாதி நோயறிதல் முடிந்துவிட்டது. பெரியவரான பின் தொடங்கும் ஆஸ்துமாவில் ஏறத்தாழ 15 சதவீதம் பணியிடத்தோடு தொடர்புடையது என்று மதிப்பிடுகிறார்கள். மாவுத் தூசி, மரத்தூள், தெளிப்பு வண்ணங்களில் உள்ள ஐசோசயனேட் என்ற வேதிப்பொருள் ஆகியவை அதில் முன்னணியில் நிற்பவை. மூச்சை எவ்வளவு வேகமாக வெளியே ஊத முடிகிறது என்று அளக்கும் பீக் ஃப்ளோ மீட்டர் என்ற சிறு ஊதுகருவியில் இரண்டு, மூன்று வாரங்களுக்கு நாளுக்கு நான்கு முறை ஊதி, வேலை நாட்களையும் விடுமுறை நாட்களையும் குறித்து, அந்தத் தாளோடு நுரையீரல் மருத்துவரைப் பாருங்கள். தள்ளிப்போடாதீர்கள், காரணமான தூசியிலிருந்து எவ்வளவு சீக்கிரம் விலகுகிறீர்களோ அவ்வளவுக்கு நோய் மீளும் வாய்ப்பு அதிகம், ஆண்டுக்கணக்கில் தாமதித்தால் வேலையை விட்ட பிறகும் நோய் நிலைத்துவிடும். நிர்வாகத்திடம் பேசும்போது, தூசியை உறிஞ்சும் கருவியும் மூடிய இயந்திரமும் முதலில் வர வேண்டும், முகக்கவசம் அதன் பிறகுதான் என்பதை வலியுறுத்துங்கள்.

கேள்வி: அரசு மருத்துவமனையின் அவசர சிகிச்சைப் பிரிவில் செவிலியராக இருக்கிறேன். அதே முகங்கள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. நெபுலைசர் வைத்து அனுப்புகிறோம், சில வாரங்களில் மறுபடி வருகிறார்கள். எங்கள் மாநிலத்தில் எதை முதலில் மாற்ற வேண்டும் என்று கேட்டால் என்ன சொல்வீர்கள்?

பதில்: நீங்கள் நிற்கும் அந்த வாசலைத்தான் முதலில் மாற்றச் சொல்வேன். திணறல் தணிந்து ஒருவர் வீடு திரும்பும் நேரம், அவர் நாம் சொல்வதைக் கவனித்துக் கேட்கும் அபூர்வமான நேரம். பயம் இன்னும் விலகியிருக்காது. அந்த நேரத்தில் நாம் அவரிடம் ஒரு சீட்டை நீட்டி, அடுத்தவரைக் கூப்பிட்டுவிடுகிறோம். அதற்குப் பதிலாக, தடுப்பு மருந்து இன்ஹேலர் கையில் இல்லாமல் ஒருவரும் அந்த வாசலைத் தாண்டக் கூடாது என்று ஒரு விதி வரட்டும். மருந்துச் சீட்டு மட்டும் போதாது, மருந்தே கையில் இருக்க வேண்டும். உங்கள் கண்ணெதிரில் ஒருமுறை உறிஞ்சிக்காட்டச் சொல்லுங்கள். ஒரு வாரத்துக்குள் அவர் வீட்டுக்கு அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் பார்ப்பதற்கான தேதியைக் குறித்துக் கொடுங்கள். அவர் போகாவிட்டால் அங்கிருந்து ஒருவர் தொலைபேசியில் அழைக்கட்டும்.

பிரேசிலின் பாயியா மாநிலத் தலைநகரான சால்வடாரில் 2003-இல் கடும் ஆஸ்துமா நோயாளிகளுக்கென ஒரு திட்டம் தொடங்கினார்கள். உறிஞ்சும் மருந்து இலவசம், நோயாளிக்குக் கற்றுக்கொடுத்தல், தொடர்ந்த கண்காணிப்பு ஆகியவைதான் அதன் உள்ளடக்கம். அடுத்த சில ஆண்டுகளில் அந்த நகரின் ஆஸ்துமா சேர்க்கைகள் பாதிக்கும் மேல் குறைந்தன. அந்த நோயாளிகளின் குடும்பங்களில் மருத்துவச் செலவு குறைந்து வருமானம் உயர்ந்ததையும் பதிவு செய்திருக்கிறார்கள். திணறலோடு படுத்திருந்தவரும் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவரும் வேலைக்குப் போக முடிந்ததல்லவா!

மாநில அளவில் ஒரே ஓர் எண்ணைக் கண்காணிக்க முடியும் என்றால், நீல நிவாரண இன்ஹேலருக்கும் தடுப்பு மருந்து இன்ஹேலருக்கும் உள்ள விகிதத்தைத்தான் தேர்ந்தெடுப்பேன். அரசு மருந்துக் கிடங்கிலிருந்து ஒவ்வொரு வட்டாரத்துக்கும் எத்தனை நிவாரணிகள் போயின, எத்தனை தடுப்பு மருந்துகள் போயின என்ற கணக்கு ஏற்கெனவே பதிவேட்டில் இருக்கும், புதிதாக எதையும் சேகரிக்க வேண்டியதில்லை. நிவாரணி மட்டும் மலை மலையாகப் போய், தடுப்பு மருந்து ஒரு கைப்பிடி அளவே போயிருக்கும் வட்டாரத்தில் நோயாளிகள் திணறலுக்குத் திணறல் தப்பித்துக்கொண்டிருக்கிறார்கள் என்று பொருள். அங்கே முதலில் ஒரு செவிலியரை அனுப்புங்கள். ஸ்பேசரும், ஊதிக்காட்டும் பீக் ஃப்ளோ மீட்டரும், போதுமான தடுப்பு மருந்தும் அவர் கையில் இருக்கட்டும். நோயாளிகளின் பெயர்ப் பட்டியலுக்கு அவர் வேறெங்கும் அலைய வேண்டாம்; உங்கள் அவசர சிகிச்சைப் பிரிவின் பதிவேட்டில், அந்தத் திரும்பத் திரும்ப வரும் முகங்களுக்கு நேரே, முகவரிகள் எழுதப்பட்டே இருக்கின்றன.